உங்களுக்குத் தெரியுமா? காலையில் சாப்பிட்ட பயறு மதியச் சர்க்கரையையும் அடக்கும்

✦ எந்த உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று மதிப்பெண் போடும் ‘கிளைசிமிக் இண்டெக்ஸ்’ பட்டியல் 1981-ல் வெளிவந்தது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ், தாமஸ் வோலவர் குழுவினர் 62 உணவுகளை வெறும் வயிற்றில் ஆட்களுக்குச் சாப்பிடக் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸுக்கு 100 மதிப்பெண். மற்றவை எல்லாம் அதோடு ஒப்பிட்டு. ‘சர்க்கரையைத் தொடாதே, மாவுச்சத்து பரவாயில்லை’ என்பதுதான் அதுவரை நீரிழிவு நோயாளிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. பட்டியலில் பார்த்தால் வெள்ளை ரொட்டி வெள்ளைச் சர்க்கரையையே முந்தி நின்றது! பயறு வகைகளோ அடிமட்டத்தில் இருந்தன. அவற்றிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதானே, அது மட்டும் ஏன் இப்படி அடங்கிக் கிடக்கிறது என்ற கேள்வி அங்கே கிளம்பியது. அந்த விசாரணை இன்னும் முடியவில்லை.

✦ பல நாட்டுச் சோதனைகளைத் திரட்டி 2008-ல் வெளியான சராசரி மதிப்பெண்கள்: வெள்ளை ரொட்டி 75, வெள்ளை அரிசிச் சோறு 73, மைசூர்ப் பருப்பு இனம் 32, கொண்டைக்கடலை 28, ராஜ்மா 24, சோயா 16.

✦ எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த ஆய்வு 1982-ல் நடந்தது. அதே ஜென்கின்ஸ் குழு காலை உணவாகச் சிலருக்குச் சில நாள் ரொட்டியும் சில நாள் பருப்பும் கொடுத்தது. இரண்டிலும் மாவுச்சத்து ஒரே அளவு. நான்கு மணி நேரம் கழித்து எல்லா நாளும் ஒரே மதியச் சாப்பாடு. பருப்பு சாப்பிட்ட நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறிய சர்க்கரை குறைவாக இருந்தது. மதியம் அவர்கள் பருப்பைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். காலையில் உள்ளே போனதுதான் மதியமும் வேலை செய்திருக்கிறது. இதற்கு ‘இரண்டாம் வேளை விளைவு’ என்று பெயர். 1988-ல் வோலவர் இன்னும் ஒரு படி போனார். இரவில் மெதுவாகச் செரிக்கும் உணவைச் சாப்பிட்டால் மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் பிறகான சர்க்கரையும் மட்டுப்படுவதைக் காட்டினார்.

காரணம் இரண்டு. ஒன்று, பயறு மெதுவாகச் செரிப்பதால் குளுக்கோஸ் நெடுநேரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கிறது. உடம்பு கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடவேண்டிய அவசரம் தள்ளிப்போகிறது. ரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் குறைவாக இருந்தால் இன்சுலின் பேச்சைத் தசைகள் நன்றாகக் கேட்கும். இரண்டு, செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்ரேட் என்ற, சர்க்கரையை மட்டுப்படுத்த உதவும் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இதற்குப் பல மணி நேரம் ஆகும். இரவுச் சாப்பாட்டின் பலன் காலையில் தெரிவது இதனால்தான்.

சர்க்கரை ஏறிவிட்டதே என்று அந்த ஒரு வேளைத் தட்டை மட்டும் முறைத்துப் பார்ப்பவர்கள், அதற்கு முந்தைய வேளை என்ன சாப்பிட்டோம் என்றும் யோசிக்க வேண்டும்.

✦ வேர்க்கடலை, வெந்தயம், புளி, கொத்தவரை, அகத்தி எல்லாமே தாவரவியலில் துவரைக்கும் உளுந்துக்கும் சொந்தக்காரர்கள். ஒரே குடும்பம்.

✦ வேகவைத்த கொண்டைக்கடலை ஒன்றை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவு மாதிரி உதிரும், ஆனால் பசையாக ஒட்டாது. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த ஒவ்வொரு துகளும் ஒரு முழு செல். வாய் கட்டிய மூட்டை போல மாவுச்சத்தை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கும். வேகும்போது செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள பெக்டின் என்ற பசை கரைகிறது, அதனால் செல்கள் பிரிகின்றன. செல்சுவர் மட்டும் கிழிவதில்லை. நம் குடலிலுள்ள செரிமான நொதிகள் அந்தச் சுவரைத் தாண்டி மெதுவாகத்தான் உள்ளே போக முடியும். முழுப் பயறின் சாமர்த்தியத்தில் பெரும்பங்கு இந்தச் சுவரில் இருக்கிறது. பயற்று மாவுச்சத்தில் அமைலோஸ் அதிகம் என்பதும் ஒரு கூடுதல் காரணம். நீண்ட இழைகளாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும் அமைலோஸைப் பிரித்தெடுப்பது நொதிகளுக்கு லேசான காரியமல்ல.

இப்போது நம் அடுக்களைக்கு வருவோம். சுண்டலில் சுவர் அப்படியே இருக்கிறது. குக்கரில் குழைய வெந்த பருப்பை மத்தால் கடைந்தாலும் செல்கள் பிரிகின்றனவே தவிர பெரும்பாலும் உடைவதில்லை. ஆனால் பச்சைக் கடலைப்பருப்பை மில்லில் கொடுத்து நைசாக மாவாக்கினால் இரும்பின் வேகத்தில் செல்சுவர் கிழிந்துபோகிறது. அதனால்தான் முழுக் கடலையின் பலத்தைக் கடலைமாவில் எதிர்பார்க்க முடியாது. அரிசிமாவு, மைதாவைவிட அது மெதுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ‘பஜ்ஜியும் பயறுதானே’ என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. எண்ணெய்க் கணக்கு தனி. அடைக்கு மாவைக் கொரகொரப்பாக அரைக்கும் பழக்கத்துக்கு இந்தக் கோணத்தில் பார்த்தால் ஒரு மரியாதை கூடுகிறது. பெரிய துகளுக்குள் உடையாத செல்கள் நிறையத் தங்கும்.

✦ இந்தச் செல்சுவர் விஷயத்தை வைத்து ரொட்டியே சுட்டுப் பார்த்துவிட்டார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியும் நார்விச்சில் உள்ள குவாட்ரம் ஆய்வு நிலையமும் சேர்ந்து, செல் உடையாதபடி பக்குவமாகத் தயாரித்த கொண்டைக்கடலைப் பொடியைக் கோதுமை மாவுக்குப் பதிலாக ஒரு பங்கு கலந்தார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வில் ஆரோக்கியமான 20 பேர் அந்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள். சாதாரண வெள்ளை ரொட்டியோடு ஒப்பிட்டால் ரத்தச் சர்க்கரை குறைவாக ஏறியது. பசியை அடக்கும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டு குடல் ஹார்மோன்களும் கூடுதலாகச் சுரந்தன.

✦ ஜிஎல்பி-1 என்ற பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? உடல் எடையைக் குறைக்க இன்று உலகமே பேசும் செமாகுளூட்டைட் ஊசி அந்த ஹார்மோனைப் போலவே நடிக்கும் மருந்துதான். நம் குடலில் இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடத்திலேயே பாதியாகச் சிதைந்துவிடும். ஊசி மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே ‘சுண்டல்தான் இயற்கை ஊசி’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதை ஒன்று, வலு வேறு.

✦ பயறு பசியைத் தாங்கும் என்பது உண்மையா? இதில் வந்திருக்கும் எண்களை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் 38 உணவுகளைச் சம கலோரியில் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று 15 நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக் குறித்தார். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வெறுமனே வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323! தக்காளிச் சாற்றில் வேகவைத்த பீன்ஸ் 168. பருப்பு 133. வெள்ளைச் சோறு 138. ஆமாம், அந்த இரண்டு மணி நேரத்தில் சோறு பருப்பைவிட ஒரு துளி மேலேயே நின்றது.

பின்னால் 2014-ல் ஒன்பது சோதனைகளைச் சேர்த்து அலசியபோது, பயறு உணவுக்குப் பின் வயிறு நிறைந்த உணர்வு 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் அடுத்த வேளைச் சாப்பாட்டின் அளவு குறையவில்லை. 2016-ல் 21 சோதனைகளை, மொத்தம் 940 பேரை, அலசினார்கள். தினமும் சுமார் 130 கிராம் வெந்த பயறு, ஆறு வாரம். சராசரியாகக் குறைந்த எடை 0.34 கிலோ. கேட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் அந்தச் சோதனைகள் பலவற்றில் யாரையும் பட்டினி போடவில்லை. சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவே இல்லை. உணவில் பயறு சேர்ந்தது, அவ்வளவுதான். வாய்க்குப் பூட்டுப் போடாமல் குறைகிற கால் கிலோவுக்கும் மேற்பட்ட எடையை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். மாதத்துக்குப் பத்துக் கிலோ என்று விளம்பரம் செய்பவர்களைவிட இந்த எண் எவ்வளவோ நம்பகமானது.

✦ பசிக்கும் புரதத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் சொல்லிக்கொடுத்தவை வெட்டுக்கிளிகள். ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இருவர் ஆக்ஸ்ஃபோர்டில் வெட்டுக்கிளிகளுக்குப் புரதமும் மாவுச்சத்தும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த தீனிகளைக் கொடுத்தார்கள். புரதம் குறைந்த தீனி கிடைத்த பூச்சி, தனக்கு வேண்டிய புரதம் சேரும்வரை மாவுச்சத்தை வாரி வாரித் தின்றது. மனிதர்களும் இப்படித்தான் இருக்கக்கூடும் என்று 2005-ல் அவர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒரு குண்டான் சோற்றைக் கொஞ்சம் ரசத்தோடு சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கே டப்பாவைத் திறக்கும் கை நம்மில் பலருக்கு உண்டு. இந்தக் கருத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

✦ பயற்றில் மாவுச்சத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. விதையைத் துளைக்கும் வண்டின் செரிமானத்தைக் கெடுப்பதற்காகச் செடி செய்துகொண்ட தற்காப்பு அது. ராஜ்மா இனத்திலிருந்து இதைப் பிரித்து மாத்திரையாக்கி, ‘எவ்வளவு வேண்டுமானாலும் ரொட்டி தின்னுங்கள்’ என்று 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்றார்கள். 1982 ஜூலையில் அந்நாட்டு உணவு-மருந்து நிர்வாகம் விற்பனையை நிறுத்தச் சொன்னது. அந்த வருடம் முடிவதற்குள், மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் உடம்பில் சேரும் கலோரி ஒன்றுதான் என்று ஒரு மருத்துவ ஆய்வு காட்டிவிட்டது.

✦ நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகமும் ஒரு பயற்றினச் செடிதான். ஐரோப்பாவின் பழைய மூலிகையான ‘கலேகா அஃபிசினாலிஸ்’ செடியில் உள்ள கலேஜின் என்ற பொருள் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பது தெரியவந்தது. அதன் நச்சுத்தன்மை காரணமாக, அதே இரசாயன வம்சத்தில் சாதுவான பொருளைத் தேடினார்கள். மெட்ஃபார்மின் 1922-ல் டப்ளினில் முதன்முதலாகத் தயாரானது. ஆனால் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பாரீஸ் மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அறிக்கை எழுதியது 1957-ல். இன்றைய மாத்திரை முழுக்கத் தொழிற்சாலைத் தயாரிப்பு. அந்தச் செடியைத் தேடிப் போய்விடாதீர்கள்; ஆடுகளுக்கே அது விஷம்.

✦ கொத்தவரை விதையை உடைத்தால் உள்ளே கண்ணாடி போன்ற ஒரு படலம். அதுதான் ‘குவார்’ பிசின்; தண்ணீரில் போட்டால் கெட்டிக் கூழாகிவிடும். டொராண்டோவுக்குப் போகுமுன், ஜென்கின்ஸ் 1970-களில் இங்கிலாந்தில் இருந்தபோது இந்தப் பிசினைச் சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்தார். சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை குறைந்தது. 1976-ல் அது வெளியானது. கூழ், உணவைச் சுற்றிக்கொண்டு சிறுகுடலில் அதன் நடையைத் தளர்த்திவிடுகிறது. உலகக் கொத்தவரை விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் ராஜஸ்தான்தான் முதலிடம். நாம் பொரியல் செய்வது பிஞ்சு. அதில் பிசின் முற்றியிருக்காது. ஆனாலும் கொத்தவரங்காய்ப் பருப்பு உசிலியில் காயும் பயற்றினம், பருப்பும் பயற்றினம். தட்டில் சோற்றுக்கு இணையாக அதை வைத்துக்கொள்ளலாம்.

✦ வெந்தயத்தின் வழுவழுப்பும் குவார் பிசின் இனம்தான். 1980-களிலும் 90-களிலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் வெந்தயத்தை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். அந்த நிறுவனம் பிறந்த ஊர் நம்முடைய குன்னூர் என்பது பலருக்குத் தெரியாது. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சியாகத் தொடங்கியது. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியை மட்டுமே நம்பியவர்களைத் தாக்கிய நோய் அது. 1958-ல்தான் நிறுவனம் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது.

✦ அதே நிறுவனத்தின் 2017 உணவுச் சத்து அட்டவணையிலிருந்து: 100 கிராம் முழுப் பச்சைப்பயறில் நார்ச்சத்து 17 கிராம், தோல் நீக்கிய பாசிப்பருப்பில் 9. முழுக் கொண்டைக்கடலையில் 25, கடலைப்பருப்பில் 15. புரதமோ தோல் போனதும் கொஞ்சம் கூடுகிறது. தோலில் புரதம் குறைவு, அவ்வளவுதான் காரணம்.

✦ இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். 2023-ல் வெளியான இந்தக் கணக்கை எடுத்ததில் முன்னணியில் இருந்தது சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை. அதே அறக்கட்டளை 2014-ல் ஹார்வர்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, எடை கூடிய 15 பேருக்கு மூன்று விதச் சாப்பாடு போட்டது: வெள்ளைச் சோறு, பழுப்பரிசிச் சோறு, பழுப்பரிசியோடு பயறு. உடம்பில் ஒட்டிய கருவி நாள் முழுக்கச் சர்க்கரையைக் குறித்தது. வெள்ளைச் சோற்றோடு ஒப்பிட்டால் பழுப்பரிசி நாளின் ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைவு. பயறும் சேர்ந்தபோது சுமார் 23.

✦ 2025-ல் அந்த அறக்கட்டளையின் தேசிய ஆய்வு இன்னொரு தகவலைச் சொன்னது. இந்தியர் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் போதும் என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதரவு கிடைக்கவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவு இறங்கினால்தான் பலன். அந்த இடத்தில் தாவரப் புரதமோ பால் புரதமோ வந்தவர்களுக்கு நீரிழிவு அபாயம் குறைவாக இருந்தது.

இதில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு. தலைக்கு 25 கிராம். அதில் புரதம் ஐந்தரை கிராம் இருந்தால் அதிகம்; நார்ச்சத்து இரண்டே கால். அந்தச் சாம்பாரை ஊற்றிப் பிசையும் சோறோ இரண்டு கப். ‘தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே’ என்று நாம் சொல்வது இதைத்தான். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் பயறு என்று 2024-ல் ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைத்தது. சாம்பாரில் வருவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இன்னும் மூன்று கரண்டி சாம்பார் ஊற்றிக்கொள்வது வழியல்ல, அதற்கு இன்னும் சோறு கேட்கும். ஒரு கரண்டிச் சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கிண்ணம் தட்டைப்பயறோ மொச்சையோ கொண்டைக்கடலையோ சுண்டலாக வரவேண்டும். நவராத்திரி ஒன்பது நாள் மட்டும் வீட்டில் சுண்டல் நடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

✦ தினமும் ஒரு கப் பயறு, மூன்று மாதம், நீரிழிவு உள்ள 121 பேர். 2012-ல் ஜென்கின்ஸ் வெளியிட்ட முடிவு: மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு பயறு சாப்பிட்டவர்களுக்கு 0.5 புள்ளி இறங்கியது. கோதுமைத் தவிட்டு நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு 0.3.

✦ வாயு! பயறை ஒதுக்குபவர்கள் சொல்லும் முதல் காரணம். பயற்றிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. பெருங்குடல் பாக்டீரியா அவற்றைத் தின்று வாயுவை விடுகிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் ஒரு பகுதி போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும், ஏனென்றால் முளைவிடும் விதை அந்தச் சர்க்கரைகளைத்தான் தின்று வளர்கிறது. முதல் வாரம் கைப்பிடி அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வயிறு பழகிவிடும்.

✦ ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் தின்னக் கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் காரணமாக நாலைந்து பச்சை விதைகூட வாந்தியை வரவழைக்கும். கொதிக்கவிடாமல் சுமார் 80 டிகிரியிலேயே வேகவைக்கும் மின் பாத்திரங்களில் விஷம் முறியாது. ஊறவைத்துக் குக்கரில் நாலைந்து விசில் விட்டால் கவலை இல்லை.

✦ இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், சோற்றைக் குறைத்துப் பயறைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து, முன்பு சாப்பிட்ட சோற்று அளவுக்குப் போட்ட கணக்கு. சாப்பாடு மாறி மருந்து மாறாவிட்டால் சர்க்கரை கீழே இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதம், பொட்டாசியம் இரண்டுக்கும் வரம்பு உண்டு. கிண்ணத்தின் அளவை அவர்களுக்கு டாக்டர்தான் சொல்ல வேண்டும்.